நின்ற ஆண்டுகளே! — ஒரு டேபிள் டென்னிஸ் பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, பயிற்சி முடிந்த கையோடு பேட்டும் பையுமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

'டேபிள் டென்னிஸ் வீரரின் பெருமையை அளக்கும் அளவுகோல் வென்ற பதக்கங்களா, நின்ற ஆண்டுகளா?' இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்துவிட்டு அமர்ந்தார். பதக்கம் பொய் சொல்லாது, எண்ணிப் பார்த்துவிடலாம் என்றார். சீனாவின் டெங் யாபிங் 24 வயதிலேயே ஓய்வு பெற்றுவிட்டார், அவரைவிடப் பெரிய ஆட்டக்காரி யார் என்று கேட்டார். கடைசியாக, ரொம்ப நாள் ஆடுவது உடல்வாகு, கொடுத்துவைத்தது, அதைச் சாதனை என்று சொல்ல முடியாது என்றார். நான் அந்தக் கடைசி வாதத்தில் இருந்தே தொடங்குகிறேன். பிள்ளைகள் மனதில் அது பதிந்துவிடக் கூடாது.

கொடுத்துவைத்தது என்கிறார்கள். ஒரே ஆட்டத்தை இருபது வருஷம் ஆடியிருந்தால் அப்படிச் சொல்லலாம். இந்த விளையாட்டு அப்படி ஒரே இடத்தில் நிற்கவில்லையே!

நம் சென்னையின் சரத் கமலை எடுத்துக்கொள்ளுங்கள். 1982 ஜூலையில் பிறந்தவர். நாலு வயதில் பேட் பிடித்தார். அப்பா சீனிவாச ராவும் அப்பாவின் சகோதரர் முரளிதர ராவும்தான் குருமார்கள். அவர் கற்றுக்கொண்ட ஆட்டம் எது? 38 மில்லிமீட்டர் பந்து, எடை 2.5 கிராம். கேமுக்கு 21 பாயிண்ட். ஆளுக்கு ஐந்து சர்வீஸ். சர்வீஸ் போடும்போது பந்தில் பேட் படும் இடத்தை உடம்பால் மறைத்துக்கொள்ளலாம். பதினெட்டு வயது வரை உடம்பில் ஏறிய பாடம் இது.

2000-இல் சிட்னி ஒலிம்பிக் முடிந்த கையோடு, அக்டோபரில், பந்து 40 மில்லிமீட்டர் ஆனது, எடை 2.7 கிராம். இரண்டே மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். காற்றை முட்டும் பரப்பு பத்து சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. பந்து சீக்கிரம் வேகம் இழக்கிறது, சுழற்சியும் குறைகிறது. முன்பு ஒரே அடியில் முடிந்த பாயிண்ட் இப்போது திரும்பி வருகிறது. மூன்றாவது அடியில் முடித்துப் பழகியவர் ஏழாவது அடிக்கும் காலை வைக்க வேண்டியதாகிவிட்டது.

அது பழகுமுன் 2001 செப்டம்பரில் 21 பாயிண்ட் போய் 11 வந்தது, ஆளுக்கு இரண்டே சர்வீஸ். 21-க்கு ஆடும்போது 3-8 என்று பின்தங்கினாலும் நிதானமாகப் பிடித்துவிடலாம். 11-இல் 3-8 என்றால் இன்னும் மூன்று பாயிண்டில் கேம் கைவிட்டுப் போய்விடும். கை சூடேறும்வரை காத்திருந்து பழகியவர்களுக்கு அந்த நேரமே இல்லாமல் போனது.

அடுத்த வருஷம், 2002 செப்டம்பரில், மறைத்துப் போடும் சர்வீஸ் தடை. திறந்த உள்ளங்கையில் பந்து நிற்க வேண்டும். குறைந்தது 16 சென்டிமீட்டர் மேலே எறிய வேண்டும். எறிந்த கையை உடனே விலக்கிக்கொள்ள வேண்டும். பந்துக்கும் வலைக்கும் நடுவே தோளோ கையோ சட்டையோ வரக் கூடாது. பேட் பந்தின் அடியில் உரசியதா, பக்கத்தில் உரசியதா என்று எதிராளி அப்பட்டமாகப் பார்ப்பார். மறைத்தே பாயிண்ட் எடுத்தவர்கள் திணறினார்கள். நிலைத்தவர்கள் என்ன செய்தார்கள்? ஒரே கைவீச்சில் இரண்டு விதமான பந்து போடக் கற்றார்கள். மணிக்கட்டு அசைவு இரண்டுக்கும் ஒன்றுதான். பேட்டின் நுனிப்பக்கம் பந்தில் மெல்லிசாக உரசினால் கனமான பேக்ஸ்பின், அதாவது பின்னோக்கிச் சுழலும் பந்து. பிடிக்கு அருகே, வேகம் குறைவான இடத்தில் பட்டால் சுழற்சியே இல்லாத பந்து. எதிராளி இரண்டாவதை முதலாவது என்று நினைத்துப் பேட்டை விரித்துப் புஷ் பண்ணினால் பந்து உயர எழும்பி வரும், அதை அடித்து முடிக்க வேண்டியதுதான். கண் முன்னால் காட்டியே ஏமாற்றும் வித்தை இது. ஒரு நாளில் வருவதா? பெட்டி நிறையப் பந்தை வைத்துக்கொண்டு, எதிரே ஆளே இல்லாத மேசையில், மாதக்கணக்கில் தனியாக நின்று போட்டுப் பார்த்தால்தான் வரும்.

நடுவர் அவர்களே, இதெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் 2003-இல் சரத் கமல் முதன்முறை தேசியச் சாம்பியன் ஆகிறார். படித்த பாடத்திட்டத்தை மூன்று தடவை மாற்றிய பிறகு பரீட்சை எழுதி முதல் மதிப்பெண் வாங்கினார்.

மாற்றம் அதோடு நின்றதா? அடுத்தது பசை. இளம் பிள்ளைகள் பலர் பார்த்திருக்க மாட்டார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். அந்தக் காலத்தில் மேட்சுக்குக் கொஞ்ச நேரம் முன்பு எல்லாரும் பேட்டிலிருந்து ரப்பரை உரித்தெடுப்பார்கள். ரப்பரின் அடியில் இருக்கும் ஸ்பாஞ்சின் மேல் கரைப்பான் கலந்த பசையைத் தடவுவார்கள், காயவிடுவார்கள், மறுபடி தடவுவார்கள். அந்த ஆவி ஸ்பாஞ்சின் நுண்துளைகளுக்குள் புகுந்து அதை உப்ப வைக்கும். ரப்பர் உள்பக்கம் லேசாகச் சுருண்டு நிற்கும். அதை அப்படியே இழுத்துக் கட்டையில் ஒட்டினால் மேளத்தோல் மாதிரி விறைத்துவிடும். பந்து பட்டதும் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும், அதைக் கேட்டே பசை ஏறியதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். கை அரை வீச்சு வீசினால் போதும், பந்து பறக்கும். சில மணி நேரத்தில் வீரியம் இறங்கிவிடும், அடுத்த மேட்சுக்கு மறுபடி ஒட்ட வேண்டும்.

அந்த ஆவி உடம்புக்குக் கெடுதல் என்று 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் முடிந்ததும் தடை செய்தார்கள். நியாயமான தடை. பிறகு வந்தது நீரில் கலந்த பசை. வெள்ளையாகத் தடவுகிறோம், அது கண்ணாடி போலத் தெளியும்வரை பொறுத்து ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் உள்ளே குமிழி நிற்கும், ஓரம் தூக்கும். தாராளமாகத் தடவினால் பசையோடு சேர்த்து ரப்பரின் கனம் 4 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும், சோதனையில் பேட்டையே நிராகரித்துவிடுவார்கள். இந்தப் பசை ஸ்பாஞ்சை உப்ப வைக்காது. அதுவரை பசை கொடுத்த வேகத்தை இனி இடுப்பும் தொடையும் கொடுக்க வேண்டும். கையை மட்டும் நம்பி அடித்தவர்களுக்குத் தோள் போயிற்று. அப்போது சரத் கமலுக்கு வயது 26. ஜெர்மனியின் டீமோ போலுக்கு 27.

2014 ஜூலையில் செல்லுலாய்டு பந்தும் போய் பிளாஸ்டிக் பந்து வந்தது. அளவு முன்னதைவிடத் துளி பெரிது, சுழற்சி இன்னும் குறைவு. இதில்தான் அனுபவசாலிகளே தடுக்கி விழுந்தார்கள். காரணத்தைக் கேளுங்கள். எதிராளியின் டாப்ஸ்பின்னை, அதாவது முன்னோக்கிச் சுழன்று வரும் பந்தை, பிளாக் பண்ணப் பேட்டை எவ்வளவு மூட வேண்டும் என்பது மூளைக்குத் தெரியாது, மணிக்கட்டுக்குத் தெரியும். புதுப் பந்தில் சுழற்சி குறைந்ததால் அது பேட்டில் பட்டு மேலே எழும்புவதும் குறைந்துவிட்டது. பழைய கோணத்தில் பேட்டை வைத்தால் பந்து வலைக்குள் போகும். பேக்ஸ்பின் பந்துக்கு நேர் எதிர். பழைய மாதிரி தூக்கி எடுத்தால் மேசையைத் தாண்டிப் போய்விடும். மெல்லிசாக உரசினால் போதும் என்றிருந்த டாப்ஸ்பின்னைக் கொஞ்சம் அழுத்தி, பந்துக்குள் இறங்கி அடிக்க வேண்டியதாயிற்று. ஒரு மாற்றம், மூன்று அடிகளுக்கு மூன்று வெவ்வேறு திருத்தம். முப்பது வயதைத் தாண்டிய மணிக்கட்டுக்குப் புதிதாகப் பாடம் நடத்திப் பாருங்கள், கொடுத்துவைத்தது என்று சொல்ல வாய் வராது!

இத்தனைக்கும் நடுவில் வயது ஏறுகிறது. வயதானால் முதலில் போவது கையின் வேகம் இல்லை, காலின் முதல் அடிதான். பேக்ஹேண்ட் மூலைக்கு வரும் பந்தைச் சுற்றிப்போய் ஃபோர்ஹேண்டில் அடிப்பது ஃபோர்ஹேண்ட் ஆட்டக்காரர்களின் பழக்கம். அடித்துவிட்டோம். அடுத்த பந்து எதிர் மூலைக்கு வருகிறது. மேசையின் அகலம் 1.525 மீட்டர், ஆனால் பந்து பக்கவாட்டில் வெளியேறும்போது அதைவிட அதிகமாக ஓட வேண்டும். 22 வயதில் போய்ச் சேரலாம். 38 வயதில் அரை அடி பாக்கி நிற்கும். அந்த அரை அடியால் பந்தை உடம்புக்கு முன்னால் எடுக்க முடியாமல் இடுப்புக்குப் பக்கத்தில் எடுக்கிறோம். மணிக்கட்டை முறுக்கிச் சரிக்கட்டப் பார்க்கிறோம், பந்து வெளியே போகிறது. இதற்கு மருந்து இன்னும் வேகமாக ஓடுவது இல்லை. சர்வீஸிலேயே எதிராளியைக் கட்டிப்போட்டு, எந்தப் பந்துக்குச் சுற்றுவது, எந்தப் பந்தைப் பேக்ஹேண்டிலேயே, மேசையை ஒட்டி நின்று, எழும்பும்போதே எடுப்பது என்று முன்கூட்டியே தீர்மானிப்பதுதான். நாற்பது வயதில் ஆடுகிறவரைப் பார்த்தால் சும்மா நிற்கிற மாதிரி தெரியும். பந்து வந்து சேரும் இடத்தில் அவர் முன்னமே நிற்கிறார், அதனால்தான் அப்படித் தெரிகிறது.

இனி முதல் வாதத்துக்கு வருகிறேன். பதக்கம் பொய் சொல்லாதாம். சொல்லாது, ஆனால் பாதியை விழுங்கிவிடும்.

ஒலிம்பிக் ஒற்றையரில் ஒரு நாட்டுக்கு இரண்டு பேருக்குத்தான் இடம். சீனாவின் ஷூ ஷின் உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர். பேனா பிடிக்கிற பிடியில், இடது கையால், மேசையிலிருந்து எட்டிப் போய் நின்றுகொண்டு பந்தைச் சுழற்றி வளைத்து அனுப்புவார், உலகமே வாய் பிளந்து பார்க்கும். அவர் ஒலிம்பிக் ஒற்றையரில் ஒரு தடவைகூட ஆடியதில்லை. ஆடாதவருக்கு எங்கிருந்து ஒற்றையர் பதக்கம் வரும்? எதிரணியின் அளவுகோலை வைத்தால் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட வேண்டும். மனசு வருமா?

டீமோ போலைப் பாருங்கள். ஒலிம்பிக்கில் அவர் வாங்கியதெல்லாம் அணிப் பதக்கங்கள், ஒற்றையர் பதக்கம் ஒன்றுகூட இல்லை. ஆனால் 2003-இல் உலகின் முதல் வீரராக இருந்தவர், 2018 மார்ச்சில், 37 வயதை எட்டும் நேரத்தில், மறுபடி முதலிடத்துக்கு வந்தார். அந்த இடத்தில் அவ்வளவு வயதில் அதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை. நடுவே எத்தனை விதி மாறியது என்று இப்போதுதான் சொன்னேன். முதுகுவலி அவரை விடாமல் துரத்தியது என்பதும் ஊரறிந்தது. 2021-இல் ஹூஸ்டன் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஒற்றையர் வெண்கலம் வாங்கியபோது வயது 40.

இதே டீமோ போல் 2005-இல் ஷாங்காயில், உலகச் சாம்பியன்ஷிப்பில், கடைசி கேமில், லியு குவோசெங்குக்கு எதிராக மேட்ச் பாயிண்டில் இருந்தார். பந்து வெளியே என்று நடுவர் அவருக்குப் பாயிண்ட் கொடுத்துவிட்டார். மேட்ச் முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள். போல் கையைக் காட்டி, இல்லை, மேசை ஓரத்தில் பட்டது, பாயிண்ட் அவருக்கு என்றார். பிறகு அந்த மேட்சையே தோற்றார். பதக்கப் பட்டியலைத் திறந்தால் இந்தத் தகவல் எந்த வரியில் இருக்கிறது? ஆனால் 'போல்' என்றதும் ஆட்டம் தெரிந்தவர்கள் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்து டெங் யாபிங். அவரைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேச மாட்டேன். குள்ளம் என்று ஒதுக்கப்பட்டவர், நான்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். ஆனால் எதிரணித் தலைவர் ஓய்வு பெற்ற வயதை மட்டும் சொல்லிவிட்டு, தொடங்கிய வயதைச் சொல்லாமல் விட்டார். 16 வயதில், 1989 டார்ட்மண்டில், இரட்டையரில் உலகச் சாம்பியன். 1997-இல் கடைசியாக உலகச் சாம்பியன். எட்டு வருஷம் உச்சியில், அதுவும் ஒவ்வொரு ஊரிலிருந்தும் புதிதாக ஒருத்தி கிளம்பி வரும் சீனத்தில்! 24 வயதில் போனார் என்பது உண்மை. அதற்குள் நின்று காட்டிவிட்டுத்தான் போனார். அவர் எங்கள் சாட்சி.

சரி, நம்ம ஊர்க் கணக்குக்கு வருகிறேன். 2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் ஆஸ்திரேலியாவின் வில்லியம் ஹென்செல்லை, அவர் சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னாலேயே, இறுதியில் வென்று ஒற்றையர் தங்கம் வாங்கினார் சரத் கமல். அணியிலும் தங்கம். 2010 டெல்லியில், சொந்த மண்ணில், ஒற்றையரில் வெண்கலம். 2014 கிளாஸ்கோவில் ஒற்றையரில் பதக்கமே இல்லை; நம் அந்தோணி அமல்ராஜோடு இரட்டையர் வெள்ளி மட்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கும் தகுதி கிடைக்கவில்லை. 2014-இல் அவருக்கு வயது 32. ஒற்றையரில் தங்கம், வெண்கலம், அப்புறம் ஒன்றுமில்லை. பதக்கத்தை மட்டும் எண்ணுகிறவர் அங்கேயே கணக்கை மூடி, நல்லா ஆடினார், முடிந்துவிட்டது என்று எழுதியிருப்பார்.

அவர் மூடவில்லை. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில், ஜி. சத்தியன், அமல்ராஜ் உள்ளிட்ட அணியோடு வெண்கலம், மணிகா பத்ராவோடு கலப்பு இரட்டையரில் இன்னொரு வெண்கலம். ஆசியப் போட்டியில் டேபிள் டென்னிஸில் இந்தியா வாங்கிய முதல் பதக்கங்கள் அவைதான். கமலேஷ் மேத்தாவின் எட்டு தேசியப் பட்டங்கள் என்ற சாதனையை 2019-இல் ஒன்பதாவது பட்டத்தால் தாண்டி, பிறகு பத்தையும் தொட்டார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 39 வயதில் சீனாவின் மா லாங்கை எதிர்த்து ஒரு கேம் எடுத்தார், இன்னொன்றை 11-13 என்று விட்டார். மா லாங் அந்த ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கியவர்!

அதற்கடுத்த வருஷம் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி. அதை மட்டும் கொஞ்சம் அருகில் போய்ப் பாருங்கள். வயது 40. அணித் தங்கம் கையில் இருக்கிறது. ஸ்ரீஜா அகுலாவோடு கலப்பு இரட்டையர் தங்கமும் வந்துவிட்டது. சத்தியனோடு ஆடிய ஆடவர் இரட்டையர் இறுதியில் இங்கிலாந்தின் டிரிங்கால், பிட்ச்ஃபோர்ட் ஜோடியிடம் தோல்வி, வெள்ளி. ஒற்றையர் இறுதியில் எதிரே வந்து நிற்பதும் அதே லியாம் பிட்ச்ஃபோர்ட். அரங்கம் முழுக்க அவருக்கான கூச்சல். முதல் கேம் 11-13, கைநழுவியது. இந்த இடத்தில் ஒரு நாற்பது வயது உடம்பு என்ன நினைக்கும்? பல நாளாக ஒரு போட்டி விட்டு ஒரு போட்டி ஆடிய கால்கள். ஆனால் அடுத்த கேம் 11-7. அதற்கடுத்தது 11-2. பிறகு 11-6, 11-8. முடிந்தது. 38 மில்லிமீட்டர் பந்தில் படித்தவர், பிளாஸ்டிக் பந்தில், தன்னைவிடப் பதினோரு வயது சின்னவரை வென்றார். முதல் ஒற்றையர் தங்கத்துக்கும் இதற்கும் நடுவே 16 வருஷம்.

இந்த 11-2-ஐப் பதக்கம் காட்டாது. பட்டியலில் 'தங்கம்: ஒன்று' என்றுதான் இருக்கும். 2006-க்கும் ஒன்று, 2022-க்கும் ஒன்று. இரண்டும் ஒரே எடையா, நடுவர் அவர்களே?

நேரம் குறைவு, அதனால் நி ஷியாலியனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஷாங்காயில் பிறந்தவர், 1983-இல் சீனாவுக்காக உலகச் சாம்பியன், பிறகு லக்ஸம்பர்க் நாட்டுக்காரர். பேனா பிடி, இடது கை. டோக்கியோவில் அவரோடு மோதிய கொரியாவின் ஷின் யூபினுக்கு வயது 17, இவருக்கு 58. ஏழு கேம் வரை இழுத்துத்தான் தோற்றார். அதே ஆண்டு ஹூஸ்டனில் இரட்டையர் வெண்கலம். பாரிஸில் 61 வயதில் ஒலிம்பிக் ஒற்றையரில் ஒரு சுற்று வென்றார். மேசையை விட்டு அதிகம் நகர மாட்டார். பந்தை எங்கே போட்டால் எதிராளி எங்கே திருப்ப முடியும் என்பது அவருக்கு அத்துப்படி.

நிற்பது என்றால் மேசைக்கு முன்னால் மட்டும்தான் என்றும் நான் சொல்லவில்லை. சென்னையின் வி. சந்திரசேகர், மூன்று முறை தேசியச் சாம்பியன், அர்ஜுனா விருது வாங்கியவர். 1984-இல் முழங்கால் அறுவை சிகிச்சை தவறிப்போய் ஆட்டமே முடிந்தது. அவர் மேசையின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார். பந்து போட்டுக் கொடுத்தே சத்தியன் உட்படப் பிள்ளைகளை உருவாக்கினார். 2021-இல் கொரோனா அவரைக் கொண்டுபோகும்வரை இந்த விளையாட்டை விட்டுப் போகவில்லை. அந்த வருஷங்களுக்கு எந்த மேடையில் பதக்கம் தருகிறார்கள்?

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே, இதோ முடிக்கிறேன். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் சிந்துவோடு சேர்ந்து நாட்டின் கொடியைப் பிடித்தவர் சரத் கமல். ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட இல்லாதவர் கையில் அந்தக் கொடியைக் கொடுத்தார்களே, எதை எண்ணிக் கொடுத்தார்கள்? அடுத்த மார்ச்சில், சென்னை நேரு உள்விளையாட்டரங்கில், தன் ஊர்க்காரர்கள் முன்னால், தெலங்கானாவின் இளம் வீரர் ஸ்னேஹித்திடம் நேர் கேம்களில் தோற்று ஒற்றையர் ஆட்டத்தை முடித்துக்கொண்டார். தோற்ற மேட்ச் அது, பதக்கம் இல்லாத நாள் அது. அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. எதிரணியில் அடுத்துப் பேச வருகிற நண்பர் வேறு எதற்கும் பதில் சொல்ல வேண்டாம், அந்தக் கைதட்டல் எதற்கு என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வாதத்தைத் தொடங்கட்டும். வணக்கம்.